பழம் கவிழ்க்கும், காய் நிமிர்த்தும்

டயர் கடையின் மேல்மாடியில் மனிதகுலத்தின் நோய்களெல்லாம் தீருகின்றன என்ற செய்தி எங்கள் தெருவுக்கு வந்தபோது, அதை முதலில் நம்பிய அறிவாளி நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. எதையும் யாராவது ஒருவர் முதலில் நம்பித் தொடங்கி வைக்க வேண்டுமே! அந்தச் சேவையை நான் வெகுகாலமாகச் செய்துவருகிறேன். முடி வளர்க்கும் சீப்பு, தூக்கத்திலேயே ஆளை உயரமாக்கும் தலையணை, கொசுவை மனம் திருந்திப் போகச் செய்யும் விளக்கு, எல்லாம் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. முடி இல்லை. உயரம் இல்லை. கொசு உண்டு.

சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாடிக் கூடம் திறக்கும். ஐந்தரைக்கே படிக்கட்டு நிரம்பி, வரிசை டயர் கடையைச் சுற்றிவந்து, பஞ்சர் ஒட்டுகிறவரின் தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டும். வரிசையில் நிற்பவர்களைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். வங்கி மேலாளர் ஒருவர். பதினெட்டு வருஷமாக நெம்புகோல் பாடம் நடத்துகிற பௌதிக டீச்சர் ஒருவர். இத்தனை படிப்பு ஒரே படிக்கட்டில் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். அவர்களுக்கும் அப்படித்தான் வந்தது, ஒருவரை ஒருவர் பார்த்து.

மேடையில் சாறு ஐயா. பால் வெள்ளைச் சட்டை. முன்னால் ஒரு மேஜை; அதில் ஆரஞ்சுச் சாறு ஒரு டம்ளர், பச்சையாக என்னமோ ஒரு டம்ளர். பக்கத்தில் ஓர் ஆள் குனிந்து குளிக்கலாம்போல ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடி நிறைய மாத்திரைகள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை. ஐயாவால் "விடுதலை" பெற்றவர்கள் போட்டுவிட்டுப் போனவை.

"வலது கையை நேரா நீட்டு. இடது கையில இந்தப் பழச்சாறைப் பிடி. நெஞ்சோட அணைச்சுக்க."

நீட்டிய கையின் மேல் ஐயா இரண்டு விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். கை தொபுக்கென்று விழும்.

"பாத்தியா? பழம் உன் உயிரை உறிஞ்சுது. இப்ப இந்தக் காய்ச்சாறைப் பிடி."

மறுபடி அழுத்துவார். கை சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கும்.

மேடை ஓரத்தில் மைக் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள். மைக்கம்மா என்றே எல்லாருக்கும் பெயர். அவர் "பழம் கவிழ்க்கும்!" என்று கூவுவார். கூட்டம் "காய் நிமிர்த்தும்!" என்று கூரையைப் பெயர்க்கும்.

சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. ஆப்பிள், உயிர்ச்சத்து ஏழு. மாம்பழம் நான்கு. சுரைக்காய் தொண்ணூற்றொன்று. பாகற்காய் தொண்ணூற்றாறு. பீட்ரூட் தொண்ணூற்றொன்பது. வாழைப்பழத்துக்கு மைனஸ் இரண்டு. தின்றால் நேற்றுத் தின்றதும் சேர்ந்து போய்விடும்போல. தொண்ணூற்றொன்பது என்றால் என்ன? கிராமா, மீட்டரா, மார்க்கா? ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதுவும் ஒரு மாமி.

"ஐயா, தக்காளி பழமா, காயா?"

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். கூடமே மூச்சை அடக்கியது.

"காலையில காய். சாயங்காலம் பழம்."

தலைமையாசிரியர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் தையற்காரன். நாள் முழுக்க "கையை நீட்டுங்க" என்று சொல்லிப் பிழைக்கிறவன். அன்றைக்கு என்னைப் பார்த்து ஒருவர் கையை நீட்டு என்றார். நீட்டினேன். விழுந்தது. நின்றது. நம்பினேன். எல்லாம் சேர்ந்து நாற்பது நொடி.

அதோடு நின்றிருந்தால் இது வெறும் என் முட்டாள்தனம். பரணில் இன்னும் இடம் இருந்தது. ஆனால் நான் அக்காவை அழைத்துக்கொண்டு போனேன்.

என் அக்கா துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறாள். ஏழு கிலோ இஸ்திரிப் பெட்டியை வெற்றிலை மாதிரி தூக்கிப் புரட்டுகிற கை அவளுடையது. அந்தக் கை ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்குத் தொபுக்கென்று விழுந்தது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை தட்டினேன்.

அக்காவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒன்று. ஐயா அந்த மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கை இன்னும் வேகமாக விழுந்தது.

"இந்த மாத்திரைதான் உன் நோயே. இன்னையோட நிறுத்து. தினம் மூணு டம்ளர் பீட்ரூட், கேரட் சாறு. நம்ம பாட்டில்ல உள்ளது மட்டும். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை மேடைக்கு வந்து மிச்ச மாத்திரையை ஜாடியில போடு. ஆயுசுக்கும் விடுதலை."

"சாறு இனிப்பா இருக்குமே ஐயா, சர்க்கரை ஏறாதா?" என்று அக்கா கேட்டாள்.

"பழத்துச் சர்க்கரை கெட்ட சர்க்கரை. காய்ச் சர்க்கரை நல்ல சர்க்கரை. உடம்புக்குள்ள போனா ரெண்டும் பேசிக்கவே பேசிக்காது."

நான் மறுபடியும் கை தட்டினேன். எழுதும்போதே கை கூசுகிறது.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, என் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் சட்டையோடு வந்தார். நான் தைத்தது. அக்கா தேய்த்தது. முதுகில் இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் அழகாகக் கருகியிருந்தது. அக்கா இதுவரை ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்கியதில்லை.

ஓடினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு தண்ணீர் பாட்டில் காலி. மூன்றாவது வாயில்.

"கண்ணு கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சுதுடா. காலு மரமரன்னு இருக்கு. ஒண்ணுமில்ல, நச்சு வெளியேறுதாம். மைக்கம்மா சொன்னாங்க."

"அக்கா, வா டாக்டர்ட்ட போலாம்."

"நீதானடா கூட்டிட்டுப் போன! இப்ப நீயே நம்பலன்னா எப்படி? ஞாயித்துக்கிழமை விடுதலை. ரெண்டு நாள் பொறுக்க முடியாதா உனக்கு?"

நேராக அத்தான் கடைக்குப் போனேன். அக்காவின் கணவர் தராசு ரிப்பேர் செய்கிறவர். பேச்சு குறைவு. எந்தத் தராசு வந்தாலும் முதலில் காலித் தட்டைத்தான் பார்ப்பார். ஒன்றுமே வைக்காதபோது முள் எங்கே நிற்கிறது? ஒன்றுமில்லாததற்கே எடை காட்டுகிற தராசு, கத்தரிக்காய்க்குச் சொல்கிற எடையை எவன் நம்புவான்? இதுதான் அவர் படித்த படிப்பு மொத்தமும்.

"அத்தான், நீங்க சொன்னா கேப்பா."

"சொன்னேன். அதுலருந்து எங்கூடப் பேசறதில்ல. டாக்டரை வீட்டுக்கே கூட்டியாந்தேன். உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா." முள்ளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அவ கை சொன்னதை அவ நம்புறா மாப்ளே. நாம சொல்லிப் பிரயோசனமில்ல. கையே சொல்லணும்."

"கை எப்படி அத்தான் பொய் சொல்லும்? எனக்கே விழுந்துதே!"

"விரலை எங்க வச்சார்?"

"கையில."

"கையில எங்க?"

யோசித்தேன். தெரியவில்லை. அத்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அளவெடுக்கிறவன்தானே நீ?"

சனிக்கிழமை காலை அத்தான் கூடத்துக்கு வந்து, ஓரமாக உட்கார்ந்தார். ஐயாவின் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் மூன்று விஷயம் கேட்டார். ஒரே அளவில் ஆறு எவர்சில்வர் டப்பா, இறுக்கமான மூடியோடு. என் கடையில் துணியில் கோடு போடுகிற வெள்ளைச் சாக்பீஸில் இரண்டு கட்டி, பொடியாக. அக்காவுக்குக் கறுப்பில் ஒரு முழுக்கைச் சட்டை.

"சட்டை எதுக்கு அத்தான்?"

"மேடை ஏறப்போறாளே. நல்லாருக்க வேணாமா?"

அவசர அவசரமாகத் தைத்தேன். அக்காவுக்குச் சட்டை ரொம்பப் பிடித்துவிட்டது. "விடுதலைச் சட்டை" என்று பெயரே வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. பித்தான் தைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் ஊசி விழ இடமில்லை. மைக்கம்மா அக்காவை மேடைக்கு அழைத்து, "எட்டு வருஷ அடிமைத்தனம் இன்னைக்கு முடியுது!" என்றார். அக்கா மேடைப் படியில் ஒரு தரம் தடுமாறினாள். கூட்டம் அதைப் பரவசம் என்று எடுத்துக்கொண்டது. கையில் மாத்திரை அட்டை. ஜாடியின் மூடி திறந்தது.

"ஐயா, ஒரு சின்ன விண்ணப்பம்."

அத்தான் எழுந்து நின்றார். கையில் பை. குரலில் வெண்ணெய்.

"வீட்லருந்து ஆறு டப்பா கொண்டாந்திருக்கேன். மூடி போட்டிருக்கு. உள்ள என்ன இருக்குன்னு நான் சொல்லல. அவ கை சொல்லட்டும், எது பழம், எது காய்னு. சரியாச் சொல்லிட்டா மாத்திரையை நானே என் கையால ஜாடியில போடறேன். போதுமா?"

அக்கா முறைத்தாள். கூட்டம் கை தட்டியது. கைதட்டல் கேட்டால் ஐயாவுக்குத் தலை நிற்காது.

"கொண்டா! கை பொய் சொல்லாது!"

அத்தான் பையை மேடை ஓரத்தில் வைத்தார். முதல் டப்பாவை ஐயாவே எடுத்து அக்காவின் இடது கையில் கொடுத்தார். அழுத்தினார். விழுந்தது.

"மாம்பழம்! அதுவும் புகை போட்டுப் பழுக்க வச்சது!"

கூட்டம் "ஆ!" என்றது. அத்தான் விரலை மடக்கி ஒன்று என்று எண்ணிக்கொண்டார். இரண்டாவது டப்பா. நின்றது.

"சுரைக்காய். பிஞ்சு. இன்னைக்குப் பறிச்சது."

மூன்றாவது விழுந்தது. "ஆரஞ்சு. கொஞ்சம் புளிப்பு." நான்காவதுக்குக் கை பாதி இறங்கி அந்தரத்தில் நின்றது. ஐயா சளைத்தவரா?

"தக்காளி!"

கூடம் அதிர்ந்தது. தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாவது நின்றது, பாகற்காய். ஆறாவது விழுந்தது, நாள்பட்ட வாழைப்பழம். மைக்கம்மா பரவசத்தில் மைக்கையே முத்தமிட்டார். "பழம் கவிழ்க்கும்!"

"காய் நிமிர்த்தும்!"

அத்தான் மேடை ஏறினார். முதல் டப்பாவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். நிறமில்லை. இரண்டாவது. நிறமில்லை. ஆறையும் ஊற்றி வரிசையாக வைத்தார். ஆறு டம்ளர் வழியாகவும் மைக்கம்மாவின் திறந்த வாய் தெளிவாகத் தெரிந்தது.

"தண்ணி," என்றார் அத்தான். "எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. காலையில நானே பிடிச்சேன்."

பிறகு வாசலிலிருந்து பஞ்சர் ஒட்டுகிறவர் கேட்டார்: "அப்ப தண்ணிக்குப் புகை போட்டது யாருப்பா?"

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பியது. ஐயா கையை உயர்த்தினார். ஆள் லேசுப்பட்டவரில்லை.

"தண்ணிக்கு ஞாபகம் உண்டு! இந்த டப்பாவுல முன்னாடி பழம் இருந்திருக்கு. அந்த ஞாபகத்தைத்தான் கை சொல்லுது!"

"அதானே!" என்றது கூட்டம், நிம்மதியாக. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நம்பி நம்பிப் பழகிய தலை, சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமா?

அத்தான் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் கடைக்காரர் ஒட்டின சீட்டு இன்னும் உரிக்காமல் இருந்தது. "புது டப்பா ஐயா. ஒரே குழாய். ஒரே தண்ணி. ஞாபகம் மட்டும் ஆறுவிதமா எப்படி வரும்? மூணு விழுந்துது, ரெண்டு நின்னுது, ஒண்ணு தக்காளி!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, டேப்பைக் கொண்டா. அக்கா கையை அள."

அப்போதுதான் பார்த்தேன். டப்பா மூடிகளில் அத்தான் என் சாக்பீஸ் பொடியை லேசாகப் பூசியிருந்திருக்கிறார். மூடியைப் பிடித்த ஐயாவின் விரலிலெல்லாம் வெள்ளை. அக்காவின் கறுப்புச் சட்டைக் கையில் ஜோடி ஜோடியாக விரல் தடம், ஆறு இடத்தில். மூன்று ஜோடி மணிக்கட்டை ஒட்டி. இரண்டு ஜோடி முழங்கையை ஒட்டி. ஒன்று இரண்டுக்கும் நடுவில்.

டேப்பை வைத்தேன். மணிக்கட்டுத் தடத்துக்கும் முழங்கைத் தடத்துக்கும் எட்டு அங்குலம்.

"நுனியில அழுத்தினா விழும்," என்றார் அத்தான், தராசை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவரிடம் சொல்வது மாதிரி. "உள்ள தள்ளி அழுத்தினா நிக்கும். நடுவுல அழுத்தினா தக்காளி. டம்ளர்ல என்ன இருந்தா என்ன? முள்ளை ஆட்டுறது விரல்."

பௌதிக டீச்சர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "நெம்புகோல்," என்று விரலிடுக்கு வழியாக முனகினார். "ஏழாங்கிளாஸ் பாடம்."

அக்கா தன் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜையிலிருந்த பீட்ரூட் பாட்டிலைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றினாள். உயிர்ச்சத்து தொண்ணூற்றொன்பது.

"ஐயா, இதைப் பிடிங்க. நெஞ்சோட அணைச்சுக்கங்க. வலது கையை நீட்டுங்க."

"அம்மா, அது வந்து..."

"நீட்டுங்க ஐயா. காய் நிமிர்த்தும்."

எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டினார். அக்கா இரண்டே விரலை மணிக்கட்டில் வைத்தாள். ஏழு கிலோ பெட்டி தூக்குகிற கை. ஐயாவின் கை மட்டுமல்ல, ஐயாவே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். டம்ளர் கவிழ்ந்து, பால் வெள்ளைச் சட்டை நெஞ்சிலிருந்து தொப்பைவரை செக்கச் செவேலென்று ஆனது. அக்கா குனிந்து தொழில்முறையில் பரிசோதித்தாள்.

"பீட்ரூட் கறை. போகாது."

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததை வர்ணிக்க எனக்குத் திறமை போதாது. எல்லாரும் எல்லார் கையையும் அழுத்தினார்கள். மேலாளர் தலைமையாசிரியரை விழவைத்தார். தலைமையாசிரியர் மேலாளரின் முழங்கையை அழுத்தி நிற்கவைத்தார். மாமி ஒருத்தர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு "என் செருப்பு காய்! என் செருப்பு காய்!" என்று துள்ளினார். மைக்கம்மா பழக்கதோஷத்தில் "பழம் கவிழ்க்கும்" என்று ஆரம்பித்து, பாதியில் தன் மணிக்கட்டைத் தானே அழுத்திப் பார்த்துக்கொண்டார். அந்தக் கட்டடத்துக்கு ஒரே படிக்கட்டு. வரிசையாக நின்ற அத்தனை பேரும் "ஐயா, கையை நீட்டுங்க" என்று கேட்க, ஐயா கையைக் கட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

சிலர் ஜாடிக்குள் கையை விட்டார்கள். அத்தான் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "அதைத் தொடாதீங்க! யாரோடது எதுன்னு யாருக்குத் தெரியும்? அவங்கவங்க டாக்டர்ட்ட போய்ப் புதுசா வாங்குங்க. இன்னைக்கே போங்க."

நாங்களும் அன்றைக்கே போனோம். ஆஸ்பத்திரியில் அக்காவின் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், எண்ணை இரண்டாம் தரம் படித்தார். முந்நூற்று எண்பத்தாறு. டாக்டரம்மா எங்கள் மூவரையும் வரிசையாகத் திட்டினார். எனக்கு மட்டும் இரண்டு தரம், நியாயம்தான். இரண்டு நாள் அங்கேயே தங்கவைத்தார்கள்.

"அப்ப பழச்சாறு நல்லதா, காய்ச்சாறு நல்லதா டாக்டர்?" என்று கேட்டேன். அவ்வளவு திட்டுக்குப் பிறகும் கேட்டேன்.

"எந்தப் பழம், எந்தக் காய்? ஆரஞ்சுல வைட்டமின் சி நிறைய. கேரட்ல கண்ணுக்கு வேண்டியது இருக்கு. பொதுவாப் பழச்சாறுல சர்க்கரை ஜாஸ்தி, கீரை, வெள்ளரிச் சாறுல கம்மி. ஆனா கேரட், பீட்ரூட்டைப் பிழிஞ்சு தினம் மூணு டம்ளர் குடிச்சா அதுலயும் சர்க்கரை சேரத்தான் செய்யும். எதையும் பிழிஞ்சு வடிகட்டினா நார்ச்சத்துல பெரும்பாலும் சக்கையோட போயிடும். பல்லு இருக்கில்ல? கடிச்சுச் சாப்பிடுங்க, அளவா. ரெண்டும் சாப்பாடு. ரெண்டுமே மாத்திரை இல்ல."

இதற்கு மைக் தேவைப்படவில்லை. கூட்டமும் சேரவில்லை.

கட்டிலில் அக்கா படுத்திருந்தாள். அத்தான் மாத்திரையை நீட்டினார். பதினான்கு நாளாகப் பேசாதவள் அவர் விரலைப் பார்த்தாள். சாக்பீஸ் பொடி இன்னும் ஒட்டியிருந்தது.

"முன்னாடியே காட்டியிருக்கலாம்ல?"

"எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது."

"சட்டை நல்லாருக்கு," என்றாள் அக்கா, என்னைப் பார்த்து. "கையை மட்டும் துவைக்கப் போறதில்ல. அப்படியே கடையில தொங்க விடப்போறேன்."

எனக்குத்தான் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. கை விழுந்தபோது நிஜமாகவே பலம் போன மாதிரி இருந்ததே? அத்தானிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "நீ டேப்பை இடுப்பில சுத்தினா ஆளுங்க என்ன பண்ணுவாங்க?"

வயிற்றை உள்ளே இழுப்பார்கள். இழுக்காத மனிதரை நான் பார்த்ததே இல்லை. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஏமாற்றவேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. எப்படி இருக்க ஆசையோ அப்படி உடம்பு கொஞ்ச நேரம் நடித்துக் காட்டும். இதைத் தெரிந்துதான் இருபது வருஷமாக ஓர் அங்குலம் சேர்த்துத் தைக்கிறேன். தெரிந்தும் கையை நீட்டினேன்.

போன வாரம் டயர் கடை மாடியில் புதுப் பலகை தொங்கியது. காது மடலைத் தடவிக் கல்லீரலைச் சுத்தம் செய்கிறார்களாம். வரிசை இப்போதே பாதிப் படிக்கட்டுக்கு வந்துவிட்டது. சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். அதற்குள் அக்கா வந்து என் காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கல்லீரல் சுத்தமானதா தெரியவில்லை. புத்தி கொஞ்சம் ஆனது.

யாராவது உங்களைக் கையை நீட்டச் சொன்னால் தாராளமாக நீட்டுங்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கழுத்து அளவு எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கழுத்தோடு ஆள் முடிந்துவிடுவதில்லை. அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. எப்போதாவது அதையும் எடுத்து உபயோகித்துப் பாருங்கள்.